வாள் வந்துபோன வீட்டுக்கு எப்படிப் போவது

யாழ்ப்பாணத்தில் மானிப்பாய்ப் பக்கம், வீடு வீடாகப் போகிற மருத்துவிச்சியாக, அதாவது குடும்பநல உத்தியோகத்தராக முப்பத்தாறு வருடம் வேலை செய்து, 2022இல் ஓய்வு பெற்றவள் நான். ஊரில் எல்லோருக்கும் மிஸ்ஸி. என் சைக்கிள் போகாத ஒழுங்கை அந்தப் பகுதியில் இல்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்கு எப்படிப் போவது, என்ன பார்ப்பது, என்ன கேட்பது என்று எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். காரணமே இல்லாமல் இரத்தம் சிந்திய வீட்டுக்கு எப்படிப் போவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதைப் போய்ப் போய்த்தான், பிழை விட்டு விட்டுத்தான் பழகினேன்.

போன மாதம் என் பெறாமகள் ஒருத்தி கேட்டாள். "பெரியம்மா, பக்கத்து ஒழுங்கையிலை வாள்வெட்டு நடந்த வீட்டுக்குப் போக வேணும் போலக் கிடக்கு. போய் என்ன கதைக்கிறது எண்டு தெரியேல்லை." அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். எங்கள் ஒழுங்கையில் நடந்த ஒன்றை வைத்துச் சொன்னால்தான் விளங்கும்.

2018 நவம்பர். மழை விட்ட ஒரு பின்னேரம், ஏழரை மணி இருக்கும். முகத்தைத் துணியால் கட்டிய பெடியள் மூன்று மோட்டார் சைக்கிள்களில் ஒழுங்கைக்குள் வந்தார்கள். ஒரு வீட்டுப் படலையைக் கொத்தினார்கள், யன்னல் கண்ணாடிகளை அடித்து நொறுக்கினார்கள், முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு நெருப்பு வைத்தார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருந்தது. விறாந்தை மேசையில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பிள்ளை கையைத் தூக்கித் தடுத்தான். வலது கை. எல்லாமாக ஐந்து நிமிடம்கூட இல்லை. அவர்கள் தேடி வந்தது அந்த வீட்டை அல்ல என்பது இரண்டு நாளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. வேறு ஒழுங்கையில் இருந்த வேறு யாரையோ தேடி வந்து, வீடு மாறி வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் கையால் செய்கிற வேலை

அன்பு, விசுவாசம் என்று பெரிதாகத் தொடங்க வேண்டாம். முதல் கால் மணித்தியாலத்தில் தேவைப்படுவது ஒரு சுத்தமான துவாய். அதை வெட்டுக்காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் இறுக்கி அமத்துங்கள். நனைந்து போனால் எடுக்காமல் அதற்கு மேலேயே இன்னொன்றை வைத்து அமத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு யாரோ குசினிக்குள் ஓடிப்போய்க் கோப்பித்தூள் பேணியோடு வந்தார். அம்மம்மாமார் காலத்துப் பழக்கம், நல்ல மனதோடு செய்கிற வேலை. ஆனால் கோப்பித்தூளோ மஞ்சளோ காயத்துக்குள் போனால் கிருமி தொற்றும், அதைக் கழுவி எடுப்பதற்குள் வைத்தியர்களும் பாடுபட வேண்டும். விரல் துண்டாகியிருந்தால் அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்து நோயாளியோடு அனுப்புங்கள். ஐஸ் நேரே விரலில் படக்கூடாது.

1990 என்ற இலக்கத்தைக் குசினிச் சுவரிலும் எழுதி வையுங்கள். அந்த இலவச அம்புலன்ஸ் சேவை யாழ்ப்பாணத்துக்கு வந்தது 2018 ஜூலையில்தான். அதனால் அன்றிரவு ஒருவருக்கும் இலக்கம் ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஓட்டோவில் ஏற்றினோம். மானிப்பாய் வீதியால் பெரியாஸ்பத்திரி மட்டும் நான் அந்தக் கையை விடாமல் அமத்திக்கொண்டு போனேன். பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மிஸ்ஸி, நான் எழுதலாமோ?" தெரியாததற்கு ஓம் என்று சொல்லக்கூடாது என்பது என் பழக்கம். "இப்ப கையைத் தூக்கிப் பிடி, ராசா" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்து ஒரு பிழை செய்தேன். வீடு முழுக்கக் கண்ணாடி. அந்த வீட்டுக் கிழவி வெறுங்காலோடு நடக்கிறா. தும்புத்தடி எடுத்து எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிட்டேன். காலையில் பொலிஸ் வந்தபோது, "ஆர் கூட்டினது?" என்று கேட்டார்கள். படலையில் பட்ட கொத்து, கண்ணாடி, இரத்தம் எல்லாம் சாட்சி என்பது எனக்கு அப்போது யோசனையில் வரவில்லை. ஆகவே ஆட்கள் நடக்கிற வழியை மட்டும் ஒதுக்குங்கள். அதற்கு முன் தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பொலிஸ் பார்த்த பிறகு கூட்டலாம். அப்போது நாலு பேராகப் போய்க் கூட்டிக் கழுவி விடுங்கள். தன் பிள்ளையின் இரத்தத்தைத் தாயே கழுவுகிற நிலைமை வரவே கூடாது.

அந்த வீட்டில் ஏழு வயதில் ஒரு தங்கச்சி இருந்தாள். எல்லோரும் காயப்பட்டவனைச் சுற்றி நிற்க, அவள் விறாந்தை மேசைக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்தாள். ஒவ்வொருவராக வந்து "வெளியிலை வா பிள்ளை" என்று கையைப் பிடித்து இழுத்தார்களாம். ஆஸ்பத்திரியால் நான் திரும்பி வந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது, அவள் அங்கேயேதான் இருந்தாள். நான் பாயை எடுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன். ஒன்றும் கதைக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து அவளாகவே சொன்னாள். "அண்ணான்ர கொப்பி நனைஞ்சு போச்சு." நெருப்பை அணைக்க ஊற்றிய தண்ணீர் மேசையிலும் பட்டிருந்தது. வரலாற்றுக் கொப்பி. இரண்டு பேருமாகக் குசினிக்குப் போய், அடுப்புச் சூட்டில் ஒவ்வொரு ஒற்றையாகப் பிரித்துக் காய வைத்தோம். நீல மை ஊறிய இடத்தில் அவள் விரலை வைத்து, "இது பரவாயில்லை, வாசிக்கலாம்" என்று எனக்குச் சொன்னாள். கடைசி ஒற்றை காய்ந்தபோது என் மடியில் நித்திரையாகிவிட்டாள். பயந்த பிள்ளையை இழுக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். நிலத்தில் இருங்கள், பிள்ளை கதைத்தால் அந்தக் கதையின் பின்னாலே போங்கள்.

"சும்மா வெட்டுவாங்களோ?"

மறுநாள் விடியவே இந்தக் கேள்வி தொடங்கிவிட்டது. கடையிலும் கோயில் வாசலிலும் இதுதான். "சும்மா வெட்டுவாங்களோ, ஏதாவது இருக்கும்." கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் பாதிப்பேர் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனவர்கள்தான். ஏன் இப்படிக் கேட்கிறோம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். காரணம் ஒன்று இருக்க வேண்டும், அந்தக் காரணம் எங்கள் வீட்டில் இல்லை, ஆகவே வாள் எங்கள் படலைக்கு வராது என்று நினைத்தால் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். அந்த நித்திரைக்காக வெட்டுப்பட்ட பிள்ளையின் தலையில் ஒரு குற்றத்தைத் தூக்கி வைக்கிறோம். அந்தத் தாய்க்கு அது இரண்டாவது வெட்டு. முதலாவது வெட்டியவன் முகத்தை மூடியிருந்தான். இரண்டாவது வெட்டுவது தெரிந்த முகங்கள்.

இதை நான் என் வீட்டிலேயே கண்டவள். 1995 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. 'முன்னேறிப் பாய்தல்' என்று பெயர் வைத்து இராணுவம் வலிகாமத்துக்குள் இறங்கிய நாள். செல்லடிக்குப் பயந்து ஓடி வந்த சனம் நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் பக்கத்தில் சின்னக் கதிர்காம முருகன் கோயிலிலும் களைப்பாற ஒதுங்கியிருந்தார்கள். பின்னேரம் விமானம் வந்து குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் என் சின்னம்மா. அம்மாவின் ஒரே தங்கச்சி. அம்மா சாகும்வரை திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தா. "ஏன் அவள் அங்கை போய் நிண்டவள்? நேரை எங்கட வீட்டை வந்திருக்கலாமே?" கோபத்தில் கேட்கவில்லை. தாங்க முடியாமல் கேட்டா. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிற ஒவ்வொரு முறையும் பிழை குண்டு போட்டவனிடமிருந்து நகர்ந்து, தேவாலயத்துக்குள் ஒதுங்கிய சின்னம்மாவின் தலையில் வந்து இருந்துகொண்டது.

அதனால் நான் சொல்வது இதுதான். காரணத்தைத் தேடுகிறது பொலிசின் வேலை, நீதிமன்றத்தின் வேலை. துக்கம் விசாரிக்கப் போகிற நீங்கள் தேடாதீர்கள். அந்த 'ஏன்' என்ற இடம் வெறுமையாகவே இருக்கட்டும். அது வெறுமையாக இருக்க, அதற்குப் பக்கத்தில் பாயைப் போட்டு இருக்கிறதற்கு ஒரு பலம் வேண்டும். எனக்கு அந்தப் பலம் வருவது விசுவாசத்தில் இருந்துதான். கடவுள் ஏன் விட்டார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத வீட்டிலும் அவர் இருக்கிறார் என்று நம்பித்தான் படலையைத் திறந்துகொண்டு உள்ளே போகிறேன்.

என்ன கதைப்பது என்று கேட்டவளுக்கு நான் சொன்னது, குறைவாகக் கதை. "வந்திருக்கிறன் பிள்ளை" என்றாலே போதும். காயப்பட்டவரின் பெயரைச் சொல்லுங்கள். இறந்துபோயிருந்தால் இன்னும் முக்கியமாகப் பெயரைச் சொல்லுங்கள், சனம் பயத்தில் பெயரை விழுங்கிவிடும். "விதி", "ஆண்டவர் சோதிக்கிறார்", "மற்றப் பிள்ளை இருக்குத்தானே", "உயிர் தப்பினது பெரிய காரியம்" இவை ஒன்றும் வேண்டாம். கடைசியாகச் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், அதைத் தாய் தன் வாயால் சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

கமரா காட்சி கிடைத்தால் பொலிசுக்குக் கொடுங்கள், வேறு ஒருவருக்கும் அனுப்பாதீர்கள். அந்தத் தாய் தன் மகன் வெட்டுப்படுகிறதைப் பார்த்தது தொலைபேசியில். கனடாவில் இருக்கிற ஒரு சொந்தக்காரர், "இது உங்கட வீடு மாதிரிக் கிடக்கு" என்று அனுப்பியிருந்தார். அவவுக்கு அதற்குப் பிறகு பல மாதம் வட்ஸ்அப் சத்தம் கேட்டாலே கை நடுங்கும்.

சாப்பாடும் கொப்பியும்

சாப்பாடு கொண்டு போங்கள், ஆனால் பேசி வைத்துக் கொண்டு போங்கள். முதல் இரண்டு நாளும் எட்டு வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் வந்து பழுதாகப் போனது. பதினைந்தாம் நாள் அந்தத் தாய் விடியத் தேத்தண்ணி வைக்கச் சீனி இல்லாமல் இருந்தா. நான் வேலைக்குக் கொண்டு திரிந்த கொப்பியில் ஒரு பக்கத்தைக் கிழித்து, நாளும் வீடும் எழுதினேன். திங்கள் இன்னார் வீட்டுப் புட்டு, செவ்வாய் இன்னார் வீட்டுச் சோறு. பிறகு அது ஒரு மாதத்துக்கு நீண்டது. சாமான்களையும் அதில் எழுதினோம்: பால்மா, சீனி, தேயிலை, சவர்க்காரம், தொலைபேசிக்கு ரீலோட். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒரு பிளாஸ்க்கும் மாற்றுச் சட்டையும் தேவை. அதை ஒருவரும் யோசிப்பதில்லை.

உயிர் போன வீடாக இருந்தால், எட்டாம் நாள் செலவுக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் இடையில் கட்டாயம் போங்கள். செத்தவீட்டன்று கதிரை போட இடம் இருக்காது. எட்டுச் செலவோடு கதிரைகளும் போய்விடும், சனமும் போய்விடும். எங்கள் கத்தோலிக்க வீடுகளிலும் இதே கதைதான், 31ஆம் நாள் பூசைக்கு முந்திய கிழமைகளில் வீடு வெறிச்சென்று கிடக்கும். அந்த நாட்களில் பின்னேரம் ஆறு மணிக்குப் போங்கள். விளக்கு வைக்கிற நேரம்தான் ஆகக் கஷ்டமான நேரம்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். கடும் மனிதர், சிரித்துக் கண்டது குறைவு. அவர் ஒருநாள் வந்து அந்தப் பிள்ளையிடம், "கைதானே ஏலாது, காது கேக்கும்தானே?" என்று கேட்டுவிட்டு, வரலாற்றை வாசிக்கத் தொடங்கினார். அந்த வருடம் பிள்ளையால் பரீட்சை எழுத முடியவில்லை. அடுத்த வருடப் பரீட்சை வரை ஒவ்வொரு நாளும் வந்து வாசித்தார். இந்த மாதிரி ஒருவருக்குத் தெரிந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே போதும் என்று நினைக்கிறேன். எல்லோரும் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இல்லை.

உறக்கம் வராமல், சாப்பிடாமல், சாவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு இருந்தால், அது சாப்பாட்டாலும் செபத்தாலும் மட்டும் தீருகிற விஷயம் இல்லை. 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கூடவே போங்கள், "நீங்கள் போங்கோ" என்று அனுப்பாதீர்கள்.

வாய் வராத செபம்

யாரையும் மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சின்னம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு, பரலோக மந்திரத்தில் எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல என்று வருகிற இடத்தில் என் வாய் நின்றுவிடும். மற்றவர்கள் சொல்லி முடிப்பார்கள், நான் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வேன். ஐந்து வருடம் அப்படித்தான் இருந்தேன். பாவம் செய்கிறேனோ என்று பயந்து ஒருநாள் எங்கள் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். அவர், "உனக்காக மற்றவை சொல்லுகினம். நீ அந்தச் சத்தத்துக்குள்ளை நில்லு, கோயிலை விட்டுப் போகாதை, அது காணும்" என்றார்.

அதைத்தான் இப்போது நானும் மற்றவர்களுக்குச் செய்கிறேன். செபிக்க முடியாதவர்களின் வீட்டில் செபமாலை சொல்லும்போது, அவர்களை வாய் திறக்கச் சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கச் சொல்வேன். வெட்டுப்பட்ட பிள்ளையின் வீடு சைவ வீடு. அந்தத் தாய் ஒரு மாதம் கோயில் பக்கம் போகவே இல்லை. பக்கத்து வீட்டு மாமி அவவின் பேரில் மருதடிப் பிள்ளையாருக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்து, வீபூதியை மேசையில் வைத்துவிட்டுப் போவா. பூசு என்று சொல்லமாட்டா.

நவாலியில் குண்டு போட்டவனின் முகம் எனக்குத் தெரியாது. இன்று அந்த வரியைச் சொல்கிறேன், சத்தமாகவே சொல்கிறேன். முழுவதும் பொறுத்துவிட்டேனா என்று கேட்டால், ஜூலை 9இல் ஒரு மாதிரியும் மற்ற நாட்களில் ஒரு மாதிரியும் இருக்கிறது.

கோபத்தை எங்கே கொண்டு போவது

மன்னிப்பு வேறு, முறைப்பாடு வேறு. அன்போடு நடக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பொலிசுக்குப் போகாமல் விட்டால், அடுத்த வீட்டுக்கு வாள் போகும். 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன மாணவியைச் சீரழித்துக் கொன்றபோது யாழ்ப்பாணமே கொதித்தது. எனக்கும் கொதித்தது. மே 20ஆம் திகதி ஒரு கூட்டம் யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்தது. கல்லெறிந்ததற்காக எங்கள் பெடியள் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள். 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் இருந்து ஏழு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தார்களே, அது கல்லால் நடந்தது இல்லை. பயத்தோடு கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னவர்களால் நடந்தது.

ஆகவே சாட்சி சொல்லப் போகிறவரோடு கூடப் போங்கள். வாக்குமூலத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் மிரட்டுவது தனிக் குற்றம் என்று 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், இப்போது அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்திருங்கள். பொலிஸ் வாங்கில் மூன்று மணித்தியாலம் ஒருவரோடு சேர்ந்து காத்திருப்பதும் நான் அறிந்த அன்பில் ஒன்று.

அடுத்ததாக யாருக்கு அடி விழும் என்று பாருங்கள்

இதை எழுதாமல் விட எனக்கு மனச்சாட்சி இடம் தரவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாங்கள் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்து ரீவியைப் போட்டோம். அன்றிரவு எனக்கு நவாலி முழுவதும் திரும்பி வந்தது. கோயிலுக்குள் இருந்த பிள்ளைகள்.

திங்கட்கிழமை விடிய, புத்தளத்தில் இருக்கிற ஒரு சிநேகிதிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் யாழ்ப்பாணம் ஐந்துசந்தியில் பிறந்து வளர்ந்தவள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொல்ல, கட்டிய துணியோடு யாழ்ப்பாணத்தை விட்டுப் போன முஸ்லிம் சனத்தில் அவளும் ஒருத்தி. அப்போது அவளுக்கு ஏழு மாத வயிறு. அவளுடைய கர்ப்பிணி கார்ட் என்னிடம் இருந்தது. நான் அன்றைக்கு அவளைத் தேடிப் போகவில்லை. பயம் என்று சொல்லலாம், பயம்தான். ஆனால் என் வீட்டுப் படலை வரை வந்து திரும்பி உள்ளே போனது என் கால்கள்தான். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நானும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது அந்தப் படலை எனக்கு நினைவுக்கு வந்தது.

தொலைபேசியில் அவள், "அக்கா, நீங்கள்தான் முதல் ஆள் எடுத்தது" என்றாள். வேறொன்றும் கதைக்க முடியவில்லை, இரண்டு பேரும் அழுதோம். அடுத்த மாதம் குருநாகல், புத்தளம், கம்பஹா பக்கங்களில் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, ஒவ்வொரு நாள் இரவும் எட்டு மணிக்கு எடுத்தேன். செய்தி கேட்க இல்லை. அவள் அன்றைக்கு என்ன சமைத்தாள் என்று கேட்க. ஒரு கொடுமை நடந்தால், அதைச் செய்தவனின் சாதி சமயத்துக்காரர் யார், அவர்களில் உங்களுக்குத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள். அன்றைக்கே எடுங்கள். இரண்டு நாள் பிந்தினால், அவர்களே உங்களுக்கு எடுக்கப் பயப்படுவார்கள்.

மற்ற வீடு

எங்கள் ஒழுங்கை விஷயத்தில் இரண்டு மாதத்துக்குள் நாலு பேர் பிடிபட்டார்கள். ஒருவனின் பெயரைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்தது. 1998இல் நான் நிறுத்த பிள்ளை. பிறக்கும்போது இரண்டு கிலோ நானூறு. தாய்க்குப் பால் வற்றிப்போய், தகப்பன் கடலுக்குப் போக விடாத காலத்தில் கூலிக்குத் திரிந்தவர். திரிபோஷா சத்துமாப் பைக்கற்றை என் சைக்கிள் கூடையில் கொண்டு போய்க் கொடுத்து, மாதா மாதம் வளர்ச்சி அட்டையில் நிறைக் கோடு மேலே ஏறுகிறதா என்று பார்த்தவள் நான்.

அந்த வீட்டுக்குப் போவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். முதலில் வெட்டுப்பட்ட பிள்ளையின் தாயிடம் போய்ச் சொன்னேன். அதை மறைத்துச் செய்யக்கூடாது. "நான் அங்கையும் போகப் போறன் பிள்ளை. உனக்கு எதிரா இல்லை." அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா. நான் நடுநிலை என்று சொல்லவில்லை, நான் நடுநிலையும் இல்லை. யாருடைய கை வெட்டுப்பட்டது, யாருடைய கை வெட்டியது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அவன் விளக்கமறியலில் இருந்தது சரி.

போனபோது படலை உள்ளால் கட்டியிருந்தது. இரண்டு மாதமாக ஒருவரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை, கடையிலும் கதை இல்லை. தாய் என்னைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே, "என்னை ஏசத்தானே வந்தனீங்கள், மிஸ்ஸி?" என்றா. "தேத்தண்ணி குடிக்க வந்தனான்" என்றேன். பால் இல்லாத தேத்தண்ணி, பனங்கட்டியோடு தந்தா. அவ அலுமாரியைத் திறந்து எதையோ தேடி எடுத்து வந்து என் மடியில் வைத்தா. அந்தப் பழைய அட்டை. என் கையெழுத்து, நீல மையில் நான் போட்ட புள்ளிகள். "எல்லாம் சரியாத்தானே மிஸ்ஸி ஏறினது?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. ஓம், சரியாகத்தான் ஏறியிருந்தது.

இப்படிப் போகிறவர்களுக்கு நான் சொல்கிறது: மகனுக்காக வாதாடாதீர்கள், மகனை ஏசவும் செய்யாதீர்கள். செய்தது பிழை என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லுங்கள், பிறகு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டாம். அங்கே கேட்டதை இங்கேயும் இங்கே கேட்டதை அங்கேயும் கொண்டு போகாதீர்கள். அந்த வீட்டிலும் தம்பி தங்கச்சி இருந்தால் அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று பாருங்கள். அடுத்த வாள் அந்த வீட்டிலிருந்தே எடுபடாமல் இருக்க வேண்டும். அங்கே பதின்மூன்று வயதில் ஒரு தம்பி இருந்தான், பள்ளிக்கூடம் போகாமல் ஒரு மாதம். அவனைக் கூட்டிக்கொண்டு போய் அதிபரோடு கதைத்துத் திரும்பச் சேர்த்தது என்னால் முடிந்தது.

அடுத்த முருங்கைக் காலத்தில் அந்தத் தாய் ஒரு பை முருங்கைக்காயைக் கொண்டு வந்து, "அங்கை குடுப்பியளோ?" என்று கேட்டா. இந்த இடத்தில் கவனமாக இருங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்குத்தான் கூட இருக்கும். காயப்பட்டவர்கள் கேட்காமல் ஒன்றையும் கொண்டு போய் நீட்டாதீர்கள். நான் வெறுங்கையோடு போய்க் கேட்டேன். "இப்ப வேண்டாம், மிஸ்ஸி" என்றா. அந்தக் காய் என் வீட்டில்தான் கறியானது. மறுத்ததை நான் போய்ச் சொன்னேன், அவவும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருடமும் பை வந்தது. நான் திரும்பவும் வெறுங்கையோடு போனேன். பிள்ளை விறாந்தையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான், பேனையை இரண்டு விரலுக்கும் இடையில் ஒரு புது மாதிரியாகப் பிடித்திருந்தான். தாய் அவனைப் பார்த்தா, பிறகு முற்றத்தைப் பார்த்தா. கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

"படலையிலை கொழுவி விடுங்கோ" என்றா.